லண்டன் மடல்: தரையில் பதிந்த கோதிக்

பழங்காலக் கட்டட முறை ஒன்று வழக்கொழிந்து பல தலைமுறைகள் கழிந்த பின், அதை வேண்டுமென்றே தேடியெடுத்து மீண்டும் கட்டத் தொடங்கும்போது, அவ்வாறு எழும் கட்டடங்களை மீட்டெழுச்சிப் பாணியைச் சேர்ந்தவை என்று மேலைக் கட்டடக்கலை வரலாறு வகைப்படுத்துகிறது. லண்டனில் தேம்ஸ் ஆற்றங்கரையில் நிற்கும் நாடாளுமன்றக் கட்டடம் இதற்குத் தலையாய சான்று: படத்தில் மட்டும் பார்த்தவர்களுக்கு அது ஐந்நூறு ஆண்டுப் பழைமை உடையதாகத் தோன்றினாலும், அதன் பெரும்பகுதி இங்கிலாந்தில் ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, 1840-க்கும் 1870-க்கும் இடையில் எழுந்தது. பழையதைப் பார்த்து வரைந்த நகல் என்று அதை ஒதுக்கிவிடுவோர் உண்டு. அதன் தரையை உற்றுநோக்கியவர்களிடம் அந்தத் தீர்ப்பு எடுபடாது.

அங்கே மீட்கப்பட்ட பாணி கோதிக். 12-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் உருப்பெற்ற இம்முறையின் அடையாளம் கூர்வளைவு, அதாவது இருபுறமிருந்து எழும் இரண்டு விற்கள் உச்சியில் கூடி முனையாக முடியும் வளைவு. சுமையை அகலவாட்டில் குறைவாகவே தள்ளி, பெரும்பகுதியைச் செங்குத்தாகக் கீழே இறக்குவதால், சுவர்களை மெலிதாக்கிச் சன்னல்களைப் பெரிதாக்க அது இடம் தந்தது. சென்னையில் 1896-இல் கட்டி முடிக்கப்பட்ட சாந்தோம் பேராலயத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த வளைவு புதிதன்று, ஏனெனில் அதுவும் இதே மீட்டெழுச்சி அலை கடல் கடந்து வந்து விட்டுச்சென்ற கட்டடந்தான். கோதிக் என்ற பெயரோ வசைச்சொல்லாகப் பிறந்தது: ரோமைச் சூறையாடிய கோத் இனத்தாரின் பெயரை இத்தாலிய மறுமலர்ச்சிக் காலத்து அறிஞர்கள் எடுத்து, தங்களுக்குப் பிடிக்காத வடபுலத்துக் கட்டடங்களுக்குச் சூட்டினார்கள். அந்த வசைச்சொல்லை இங்கிலாந்தில் முதலில் விருப்பத்தோடு ஏந்தியவர்களுள் ஒருவர் எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல். 1749 முதல் அவர் ட்விக்கன்ஹாமில் கட்டிய ஸ்ட்ராபெரி ஹில் மாளிகையில், வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தின் கல் விதானத்தைப் போன்ற ஒன்று காகிதக்கூழால் செய்து பொருத்தப்பட்டது. அந்தக் கட்டத்தில் கோதிக் தோற்றமாக மட்டுமே மீண்டிருந்தது, செய்முறை மீளவில்லை.

நாட்டின் பாணியாக அது மாறியதற்கு ஒரு தீவிபத்து காரணமாயிற்று. அரசுக் கருவூலத்துக்குச் செலுத்திய பணத்துக்குச் சான்றாக வெட்டுக்குறியிட்டு, இரண்டாகப் பிளந்து, ஆளுக்கொரு பாதியாக வைத்துக்கொண்ட கணக்குக் குச்சிகள் 1826-இல் கைவிடப்பட்டன. தேங்கிக் கிடந்த அவற்றை 1834 அக்டோபர் 16 அன்று பிரபுக்கள் அவைக்கு அடியிலிருந்த உலைகளில் போட்டு எரித்தபோது, புகைபோக்கிகள் தாங்கமுடியாத வெப்பத்தில் தீப்பற்றி, அன்றிரவே பழைய நாடாளுமன்றம் அழிந்தது. 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபம் தப்பியது. புதிய கட்டடம் கோதிக் அல்லது எலிசபெத் காலத்துப் பாணியில் இருக்கவேண்டும் என்ற நிபந்தனையுடன் போட்டி அறிவிக்கப்பட, 97 வடிவங்கள் வந்தன. கிரேக்கத் தூண்களும் முக்கோண முகப்பும் அன்று ஐரோப்பா முழுவதும் பரவியிருந்த பொதுமொழி; ஆனால் தப்பிநின்ற மண்டபத்துக்கும் எதிரிலிருந்த மடாலயத்துக்கும் உறவாக நிற்கத்தக்கது கோதிக்கே என்று கருதப்பட்டது.

வென்றவர் சார்ல்ஸ் பாரி. இத்தாலிய மறுமலர்ச்சி முறையில் தேர்ந்த அவர், ஆற்றை நோக்கிய முகப்பை இருபுறமும் ஒன்றுபோல அளந்து அமைத்தார். நுண்வேலைகளுக்கு அவர் நாடிய அகஸ்டஸ் பியூஜின் முற்றிலும் வேறு மனிதர். கத்தோலிக்கராக மதம் மாறியவர். கோதிக்கை ஒரு பாணியென்று சொன்னாலே பொறுக்காமல், அதுவே கிறித்தவ வாழ்வின் இயல்பான வடிவம் என்று வாதிட்டவர். கட்டடத்துக்குத் தேவையற்ற எதுவும் அதில் இருக்கக்கூடாது, அலங்காரம் கட்டுமானத்திலிருந்தே பிறக்கவேண்டும் என்று 1841-இல் நூலெழுதியவர். அவர் பார்வையில் பாரியின் திட்டம் கிரேக்க உடலுக்குப் போர்த்திய இங்கிலாந்து ஆடைதான். கூரைகள் வார்ப்பிரும்பால் ஆனவை, விக்டோரியா கோபுரத்தின் கல்லுக்குள்ளும் இரும்பு மறைந்திருக்கிறது என்பதை எண்ணினால், அவருடைய குறையில் நியாயம் இருந்ததை மறுக்கமுடியாது. ஆயினும் மைத்தொட்டி முதல் கதவுக் கைப்பிடி வரை, சுவர்த்தாள் முதல் அரியணை வரை ஆயிரக்கணக்கான பொருள்களுக்கு அவர் ஓயாமல் வரைந்து தள்ளினார். மணிக்கூண்டின் வடிவம் அவருடைய கடைசிப் பணிகளுள் ஒன்று. 1852-இல் மனநலம் குன்றி இறந்தபோது அவருக்கு வயது 40.

அவர் வரைந்தவற்றுள் நின்று பார்க்கவேண்டியது தரை ஓடு. இடைக்காலத் துறவிமடங்களின் தரைகளில் பதிந்திருந்த இருநிற ஓடுகளைச் செய்யும் கலை, 16-ஆம் நூற்றாண்டில் அம்மடங்கள் கலைக்கப்பட்டபோது இங்கிலாந்தில் அற்றுப்போயிற்று. அதை மீட்க ஸ்டோக் நகரில் மட்பாண்டத் தொழில் நடத்திய ஹெர்பர்ட் மின்டன் ஆண்டுக்கணக்கில் முயன்றார். ஈரக் களிமண்ணை அச்சில் அழுத்திப் பூவோ சிங்கமோ பள்ளமாகப் பதியச் செய்வார்கள். அப்பள்ளத்தில் வேறு நிறக் களிமண் குழம்பை ஊற்றுவார்கள். உலர்ந்தபின் மேற்பரப்பைச் சுரண்டினால் கோலம் துலங்கும். அதன்பின் சூளைக்குப் போகும். சொல்வதற்கு எளிதான இந்த வேலையில், இரண்டு மண்ணும் உலரும்போதும் வேகும்போதும் ஒரே அளவு சுருங்கவேண்டும். இல்லையேல் பூ தனியே கழன்று வரும், ஓடு விரிசல் விடும். அந்தப் பொருத்தம் கைகூடியதால், மேலே பூசப்படாமல் உள்ளே ஆழ்ந்திருக்கும் கோலம் காலடிகளால் தேயத் தேயவும் அழியாமல் நின்றது. நாடாளுமன்றத்தின் மத்திய கூடத்துத் தரை இந்த ஓடுகளால் ஆனது. காகிதக்கூழ் விதானத்திலிருந்து இந்த ஓடு வரை வந்துசேர ஏறத்தாழ நூறாண்டு ஆயிற்று; மீட்டெழுச்சி என்ற சொல்லுக்குத் தகுதியானது இந்த இடம்தான், ஏனெனில் இங்கே மீண்டது உருவம் மட்டுமன்று, கைத்திறனும்கூட.

கல் விஷயத்தில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. யார்க்ஷயரின் ஆன்ஸ்டன் சுரங்கத்துச் சுண்ணக்கல், நிலக்கரிப் புகை சூழ்ந்த லண்டன் காற்றில், கட்டடம் முடியும் முன்பே உதிரத் தொடங்கியது. 20-ஆம் நூற்றாண்டில் முகப்பின் பெரும்பகுதியைக் கிளிப்ஷாம் கல்லால் மாற்றவேண்டியதாயிற்று. பியூஜின் கண்ட குறையும் கல்லின் உதிர்வும் சேர்ந்தும், கோதிக் அலையைத் தடுக்கவில்லை. ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் வடிவமைத்து 1873-இல் திறக்கப்பட்ட செயின்ட் பாங்கிராஸ் ரயில்நிலைய விடுதி அதன் உச்சம்.

நாடாளுமன்றக் கட்டடத்திலோ, இரண்டாம் உலகப்போரின்போது 1941 மே மாதம் விழுந்த குண்டுகளில் மக்களவைக் கூடம் எரிந்துபோனது. அதை மீண்டும் கட்டும் பொறுப்பு அந்த ஸ்காட்டின் பேரன் கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட்டிடம் வந்தது. 1950-இல் திறக்கப்பட்ட புதுக்கூடமும் கோதிக்தான், அலங்காரம் மட்டும் குறைக்கப்பட்டது. கூடத்துக்குள் நுழையும் வளைவை மட்டும், சர்ச்சில் கேட்டுக்கொண்டதற்கிணங்க, குண்டில் சிதைந்த பழைய கற்களைக் கொண்டே எடுப்பித்தார்கள். விளிம்பு சிதைந்து, முகம் பொரிந்து, தீயின் தழும்புடன் நிற்கும் அக்கற்கள் பாரியின் காலத்தவை.