வென்ற ஆட்டத்தின் பிழை

சீட்டாட்டத்தைப் பற்றி எழுதப் போகிறோம். தமிழ் கற்பிக்கும் ஒருவருக்கு இது தேவையா என்று முகம் சுளிக்கும் நண்பர்களிடம் முன்னதாகவே ஒன்றைச் சொல்லிவிடுவது நல்லது. இக்கட்டுரையில் பணம் தோற்ற கதையும் ஒன்று உண்டு. தோற்றவர் நாமேதான். ஆகவே இதில் ஆசை காட்டும் நோக்கமோ, பிறருக்கு அறிவுரை கூறும் தகுதியோ நமக்கு இல்லை.

வானூரிலிருந்து கிழக்கே சென்று, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கு நோக்கித் திரும்பினால் கழுவெளியைக் கடந்து மரக்காணத்து உப்பளங்களை அடையலாம். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என்று அறிஞர் கருதுவர். ஐப்பசியில் மழை இறங்கிவிட்டால் பாத்திகள் நீரில் மூழ்கிவிடும். மழைக்காலம் முடிந்து நிலம் காயும் வரை உப்பு வேலை இராது. அந்த நாட்களில் மரத்தடிகளிலும் திண்ணைகளிலும் சீட்டுக்கட்டு தானாகவே முளைக்கும். ரம்மி, மூன்று சீட்டு, மங்காத்தா என்று எதையாவது ஆடிக்கொண்டிருப்பார்கள். நம் நண்பர் குழாமும் அப்படி ஒரு மழைக்காலத்தில் உருவானதுதான். ஓய்வுபெற்ற கணக்காசிரியர், உப்பளக் குத்தகைதாரர், வங்கி எழுத்தர், கல்லூரி விரிவுரையாளராகிய நாம் என ஏழு பேர். ஆடுவது போக்கர். பந்தயப் பொருள் புளியங்கொட்டை.

போக்கர் அறியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஒவ்வொருவர் கையிலும் பிறர் காணாத இரண்டு சீட்டுகள். நடுவில் அனைவருக்கும் பொதுவாக முதலில் மூன்றும், பின் ஒன்றும், பின் இன்னொன்றுமாக ஐந்து சீட்டுகள். ஏழில் சிறந்த ஐந்து எவரிடம் அமைகிறதோ அவர் வெல்வார். இடையிடையே பந்தயம் கட்டலாம், ஏற்கலாம், சீட்டைக் கவிழ்த்து விலகலாம். போட்டித் தொடர் என்றால் அனைவருக்கும் சமமான தொடக்கம். எங்களுக்குத் தலைக்கு 200 கொட்டைகள். ஒவ்வொரு சுற்றிலும் இருவர் கட்டாயப் பந்தயம் வைக்க வேண்டும். அந்தத் தொகை இருபது நிமிடத்திற்கு ஒருமுறை இரட்டிக்கும். கொட்டை தீர்ந்தவர் எழுந்துவிட வேண்டும். முதல் மூவருக்குப் பழைய புத்தகங்கள் பரிசு. நான்காமவருக்குத் தேநீர் மட்டும்.

முதல் மூன்று ஞாயிறுகளில் நாம் ஏழாவதாகவும் ஆறாவதாகவும் எழுந்தோம். கணக்காசிரியர் சிரித்துக்கொண்டே, "ஐயா, ஏட்டுல பிழை பார்க்கிற மாதிரி உங்க ஆட்டத்தையும் ஒருக்கா பாருங்களேன்" என்றார். விளையாட்டாகச் சொன்ன சொல்தான். நாம் அதைப் பிடித்துக்கொண்டோம்.

ஒரு கோடு போட்ட நோட்டுப்புத்தகம் வாங்கினோம். அமர்ந்த இடம், கையிருப்பு, வந்த சீட்டு, செய்தது என்ன, ஏன் செய்தோம், முடிவு என ஆறு பத்திகள். ஒரே ஒரு விதி மட்டும் வைத்துக்கொண்டோம்: 'ஏன்' என்ற பத்தியை முடிவு தெரியும் முன்பே நிரப்பிவிட வேண்டும். முடிவு தெரிந்தபின் எழுதினால் மனம் அதற்கேற்ற காரணத்தைப் புனைந்து தந்துவிடும். உரை எழுதுவோருக்கு இந்த நோய் நன்றாகத் தெரியும்.

எட்டு ஞாயிறுகள் கழித்து நோட்டை விரித்து வைத்தபோது சில குறைகள் உடனே தென்பட்டன. முதலில் பேச வேண்டிய இடத்தில் அமர்ந்தபோதும், கடைசியில் பேசும் இடத்தில் அமர்ந்தபோதும் ஒரே வகைச் சீட்டுகளையே ஆடியிருந்தோம். கடைசியில் பேசுபவருக்குப் பிறர் செய்ததெல்லாம் தெரியும். முதலில் பேசுபவர் இருட்டில் நடக்கிறார். முன்னிடத்தில் நல்ல சீட்டை மட்டுமே ஆட வேண்டும் என்பது பாலபாடம். அதையே நாம் படித்திருக்கவில்லை.

இரண்டாவது குறை, 'பார்த்துவிடலாமே' என்ற ஆவல். தோற்போம் என்று முக்காலும் தெரிந்தும், எதிராளியிடம் என்ன இருக்கிறது என்று அறிவதற்காகவே கொட்டைகளைக் கொடுத்திருந்தோம். 'ஏன்' பத்தியில் 'ஐயம் தீர' என்ற சொற்கள் ஒன்பது இடங்களில் இருந்தன. வகுப்பறையில் குணமாகப் போற்றப்படுவது ஆட்டத்தில் குறையாகிவிட்டது.

மூன்றாவது, கையிருப்பு கரையும்போது நல்ல சீட்டுக்காகக் காத்திருந்தது. 1995இல் போக்கர் உலகத் தொடரில் வாகை சூடிய டான் ஹாரிங்டன், 2004 முதல் வெளியான தம் நூல்வரிசையில் எளிய கணக்கு ஒன்றைப் பரவலாக்கினார். பால் மாக்ரியேல் என்பவரின் பெயரால் அதை 'எம்' என்று அழைப்பர். கையிருப்பை, ஒரு சுற்றுக்கு மேசையில் விழும் கட்டாயப் பந்தயங்களின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 120 கொட்டை இருக்கிறது, சுற்றுக்கு 10உம் 20உமாக 30 என்றால் ஈவு நான்கு. எதுவும் செய்யாமல் இருந்தாலும் நான்கு சுற்றில் கதை முடிந்துவிடும். ஈவு இருபதுக்கு மேல் இருந்தால் பொறுமையாக ஆடலாம். ஐந்துக்குக் கீழே இறங்கிவிட்டால் இருப்பதனைத்தையும் வைப்பது அல்லது விலகுவது என்ற இரண்டே வழி. நாமோ அந்த நிலையிலும் இரண்டு அரசர்கள் வருவார்கள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இவை மூன்றும் தோற்ற ஆட்டங்களில் கிடைத்தவை. தோல்வி கண்ணில் உறுத்துவதால் அங்கே பிழை தேடுவது எளிது. நான்காவது பிழையை நாமாகக் கண்டுபிடிக்கவில்லை. கணக்காசிரியர் நோட்டைப் புரட்டி, நாம் பெருமையுடன் அடிக்கோடிட்டு வைத்திருந்த ஒரு வெற்றியில் விரலை வைத்தார்.

அந்த ஆட்டம் இது. பொதுச்சீட்டு நான்கு விழுந்துவிட்டன. கையில் இரண்டும் நடுவில் இரண்டுமாக நம்மிடம் நான்கு ஸ்பேடு. இன்னொரு ஸ்பேடு விழுந்தால் வெற்றி, இல்லையேல் தோல்வி. நடுவில் 60 கொட்டை. உப்பளத்து நண்பர் தம்மிடம் எஞ்சியிருந்த 40ஐயும் வைத்தார். நாமும் 40 வைத்தோம். ஸ்பேடு விழுந்தது. மேசையே ஆர்ப்பரித்தது.

கணக்காசிரியர் தாளை எடுத்தார். "நமக்குத் தெரியாத சீட்டு 46. அதுல ஸ்பேடு 9. இதே ஆட்டத்த 46 தடவ ஆடுறோம்னு வச்சிக்குங்க. 9 தடவ ஜெயிச்சு, தடவைக்கு 100 வீதம் 900 வரும். 37 தடவ தோத்து, தடவைக்கு 40 வீதம் 1480 போகும். இது எப்படிய்யா நல்ல ஆட்டம்?"

நாம் வாயடைத்துப் போனோம். நிகழ்ந்தது வெற்றி, செய்தது பிழை. முடிவு நன்றாக இருந்ததால் அந்தப் பக்கத்தை நாம் திரும்பப் பார்க்கவே இல்லை. மாறாக, அதே துணிவை அடுத்தடுத்த வாரங்களில் ஐந்து முறை செய்து ஐந்து முறையும் தோற்றிருந்தோம். அவற்றுக்கு நோட்டில் 'நல்லூழ் இல்லை' என்று குறிப்பு!

சுவடிப் பதிப்பை அறிந்தவர்களுக்கு இது பழகிய பாடம். உ.வே.சா. 1887இல் சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது பல ஏடுகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. பொருளே தராத பாடம் தானாகக் காட்டிக்கொடுத்துவிடும். எழுதியவர் கைதவறிய இடத்திலும் நல்ல பொருள் ஒன்று அமைந்துவிட்டால், தலைமுறைகள் அதையே மூலமென்று ஓதிக்கொண்டிருக்கும். போக்கர் ஆட்டத்திலிருந்து வந்த ஆனி டியூக், 2018இல் வெளியான 'திங்கிங் இன் பெட்ஸ்' நூலில், முடிவைக் கொண்டு முடிவெடுத்த முறையை அளக்கும் இப்பழக்கத்தை ஆட்டக்காரர்கள் 'ரிசல்டிங்' என்று அழைப்பதைச் சொல்கிறார்.

எந்திரமும் இப்படித்தான் திருந்தியதாம். 2017 ஜனவரியில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தினர் உருவாக்கிய லிப்ரேட்டஸ் என்னும் நிரல், பிட்ஸ்பர்க் நகரில் நான்கு தேர்ந்த ஆட்டக்காரர்களுடன் இருபது நாட்களில் 1,20,000 ஆட்டங்கள் ஆடி வென்றது. பகலில் எதிராளிகள் எந்த ஓட்டையில் கைவைக்க முயன்றார்களோ, அந்த ஓட்டைகளை இரவில் அது அடைத்துக்கொண்டது. இதைப் படித்த நாமும் உப்பளத்து நண்பரிடம் நம் ஓட்டை எதுவென்று கேட்டோம். "நல்ல சீட்டு வந்தா கண்ணாடியக் கழட்டித் துடைக்கிறீங்க ஐயா" என்றார். மூன்று மாதமாக ஏழு பேரில் ஆறு பேருக்கு இது தெரிந்திருக்கிறது.

நம் மாவட்டத்தில் திரௌபதியம்மன் திருவிழாக்களில் 'சூது துகிலுரிதல்' கூத்து விடிய விடிய நடக்கும். தருமன் தோற்றதை ஊரே அறியும். அவன் இரண்டாம் முறையும் ஆட அமர்ந்ததை அவ்வளவாக எவரும் பேசுவதில்லை. பாஞ்சாலி பெற்ற வரத்தால் இழந்தவையெல்லாம் திரும்பக் கிடைத்தபின், மறுபடி அழைத்தார்கள்; மறுபடி போனான். காட்டில் அவனுக்குப் பிருகதசுவ முனிவர் நளன் கதையைச் சொல்கிறார். தேரோட்டியாக இருந்த நளன், தான்றி மரத்தின் இலையையும் காயையும் எண்ணிச் சொல்லும் இருதுபன்னனிடம் சூதின் நுட்பத்தைக் கற்கிறான். கற்ற அக்கணமே கலி அவன் உடலை விட்டு வெளியேறுகிறது. எண்ணத் தெரிந்தவனுக்குள் கலியால் தங்க முடியவில்லை. பின்னர் புட்கரனோடு ஒரே ஒரு முறை ஆடி நாட்டை மீட்கிறான்.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்திருந்தால் அழகாக இருந்திருக்கும். ஆனால் புளியங்கொட்டை ஆயிரத்து நானூறு வேண்டுமல்லவா? அவை நம் வீட்டுச் சமையலறையிலிருந்துதான் போயின. துணைவியார் கேட்டார். சொன்னோம். அவர் நோட்டை வாங்கி, அடுப்படியில் நின்றபடியே முதலிலிருந்து கடைசிவரை படித்தார்.

"எல்லாம் சரிங்க. 2020 இதுல இல்லையே?" என்றார்.

இல்லைதான். ஊரடங்கு மாதங்களில் கைபேசியில் வகுப்பெடுத்துவிட்டு அதே கைபேசியில் ஒரு செயலியில் நாம் போக்கர் ஆடியது, ஐந்து மாதங்களில் அவருடைய இரண்டு வளையல்கள் அடகுக்குப் போனது, அவற்றை மீட்கப் பதினான்கு மாதங்கள் ஆனது எதுவும் அந்த நோட்டில் இல்லை. புளியங்கொட்டையின் கணக்கைத் துல்லியமாக எழுதிய கை, பணத்தின் கணக்கைத் தொடவில்லை.

அன்றிரவு வங்கிக் கணக்குப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு எழுதினோம். தோல்விகளை எழுதுவது கடினமாக இல்லை. அவை மனப்பாடமாகவே இருந்தன. வியப்பூட்டியது முதல் வரி. முதல் நாள் 1,850 ரூபாய் வென்றிருக்கிறோம். அதை அடியோடு மறந்துவிட்டிருந்தோம். எந்தச் சீட்டில், எந்தக் காரணத்தால் வென்றோம்? 'ஏன்' பத்தியில் எழுத ஒரு சொல்லும் கிடைக்கவில்லை. அந்தக் காரணமற்ற 1,850 ரூபாயைத்தான் ஐந்து மாதங்கள் துரத்தியிருக்கிறோம். திருக்குறளின் 94ஆம் அதிகாரத்தை எத்தனையோ ஆண்டுகள் வகுப்பில் நடத்தியிருக்கிறோம். சூதில் கிட்டும் வெற்றியைத்தான் வள்ளுவர் அதன் முதற் குறளிலேயே மீன் விழுங்கும் தூண்டிலுக்கு ஒப்பிட்டிருக்கிறார் என்பதையும் விளக்கியிருக்கிறோம். கடலோரத்தில் பிறந்து வளர்ந்தும் அது உறைக்க அடகுச் சீட்டு வேண்டியிருந்தது.

போக்கர் திறமையாட்டமா, ஊழாட்டமா என்று நாடு வழக்காடிக்கொண்டிருந்தது. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் ஊழாட்டம் என்று பட்டியலிட்டது. 2023 நவம்பரில் உயர்நீதிமன்றம் சட்டத்தை ஏற்று அப்பட்டியலை மட்டும் நீக்கியது. 2025 ஆகஸ்டில் நடுவணரசு இயற்றிய சட்டமோ, திறமையாயினும் ஊழாயினும் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை விலக்கியது. நம் நோட்டில் அதற்கு எளிய விடை இருக்கிறது: திறமை 'ஏன்' பத்தியில் இருக்கும், ஊழ் 'முடிவு' பத்தியில் இருக்கும். இரண்டையும் ஒன்றென மயங்குபவர் எந்தச் சட்டத்தின் கீழும் தோற்பார்.

இப்போதும் ஞாயிறுதோறும் ஆடுகிறோம். கண்ணாடியைத் துடைப்பதில்லை. சென்ற மழைக்காலத்தில் இருமுறை மூன்றாமிடம் பெற்று, அட்டை கிழிந்த தனிப்பாடல் திரட்டு ஒன்றையும் ஒரு பஞ்சாங்கத்தையும் வென்றோம். இரண்டுக்கும் காரணம் எழுதி வைத்திருக்கிறோம். ஒன்று தவறான காரணம். 2020இன் கணக்கைத் தனித்தாளில் எழுதி நோட்டின் முதற்பக்கத்தில் ஒட்டியாயிற்று. ஆடப் புறப்படும்போது கொட்டைப் பையை எடுத்துத் தருபவர் துணைவியார்தான். திரும்பி வந்ததும் எண்ணி வாங்கி வைத்துக்கொள்கிறார்.