ஐந்து மணி ஆட்டம்

கதை எழுதுகிறவனிடம் விளையாட்டைப் பற்றிக் கேட்பது, சமையற்காரரிடம் சங்கீதத்தைப் பற்றிக் கேட்பது மாதிரி. ஏதோ பதில் சொல்லிவிடுவார். ஆனால் நடுவில் எங்கேயாவது உப்பும் புளியும் வந்து சேர்ந்துவிடும். நான் ஹாக்கியைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர் சிரித்தார். "உங்கள் குப்பனூருக்கும் ஹாக்கிக்கும் என்ன சம்பந்தம்?" என்றார்.

சம்பந்தம் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால் குப்பனூரைச் சொல்லிவிடுகிறேன். சேர்வராயன் மலையின் காலடியில் ஒட்டிக்கொண்டிருக்கிற ஊர் அது. ஏற்காட்டுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் சேலத்திலிருந்து நேரே அடிவாரத்துக்குப் போய், இருபது கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்ற ஏறி, மேலே போய் ஏரியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். மழைக்காலத்தில் அந்தப் பெரிய பாதையில் மண் சரிந்து பாறை உருண்டால்தான், குப்பனூர் வழியாகவும் மலைக்கு ஒரு பாதை உண்டு என்பது சர்க்காருக்கு ஞாபகம் வரும். மற்ற நாட்களில் எங்களை யாரும் தொந்தரவு செய்வதில்லை.

மலைக்கு மேலே வேறு உலகம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற துரை அங்கே காப்பிச் செடியைக் கொண்டுவந்து வைத்தார். காப்பிக்குப் பின்னால் பங்களாக்கள் வந்தன. பங்களாக்களுக்குப் பின்னால் மாதா கோயில்களும் கான்வென்டும் வந்தன. 1917-இல் மான்ட்ஃபோர்ட் பள்ளிக்கூடம் வந்தது. காப்பி கீழே இறங்கி எங்கள் வீட்டு அடுப்புக்கு வந்து சேர்ந்தது. ஹாக்கி இறங்கி வர இன்னும் கொஞ்சம் நாளாயிற்று.

ஹாக்கிக்கு 'வளைகோல் பந்தாட்டம்' என்று தமிழில் அழகான பெயர் வைத்திருக்கிறார்கள். பத்திரிகையில் படித்திருக்கிறேனே தவிர, மட்டையைக் கையில் பிடித்த எவரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. 'செண்டு' என்ற பழைய வார்த்தை இதைவிடப் பொருத்தம். அய்யனார் கையில் இருக்கிற வளைந்த கோலுக்கு அதுதான் பெயர். ஆனால் அதை இனிமேல் யார் புழக்கத்துக்குக் கொண்டுவருவது? ஹாக்கி என்றே எழுதிவிடுகிறேன்.

இந்த ஆட்டத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது வெள்ளைக்காரப் பட்டாளம். ஆனால் அதை உலகத்தின் கண்ணில் இந்தியாவின் ஆட்டமாக ஆக்கியதில், ஆங்கிலோ-இந்தியர் என்ற சின்னஞ்சிறு கூட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நம் பாட்டிமார் அவர்களைச் 'சட்டைக்காரர்' என்பார்கள். 1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்குக்கு முதன்முதலாக இந்திய ஹாக்கிக் கோஷ்டி போயிற்று. காப்டன் ஜெய்பால் சிங், சோட்டா நாகபுரிப் பக்கத்து முண்டா ஆதிவாசி. பாதிக்கு மேற்பட்டவர்கள் ஆங்கிலோ-இந்தியர்கள். ஐந்து ஆட்டங்களில் 29 கோல்கள் போட்டார்கள். திருப்பி ஒரு கோல்கூட வாங்கவில்லை. அந்த 29-இல் 14 கோல்கள் தியான் சந்த் போட்டவை என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். கோலைக் காத்த ரிச்சர்ட் ஆலனைப் பற்றி யார் பேசுகிறார்கள்? பின்னாலிருந்து பந்தைத் தடுத்து, அடக்கி, முன்னே அனுப்பிக்கொண்டேயிருந்த நாரிஸ், பென்னிகர், ஹாமண்ட், ராக் முதலானவர்களை யார் நினைக்கிறார்கள்? கோல் போடுகிறவனுக்குத்தான் ஊர்வலம். நம் தேச வழக்கம் அது. தியான் சந்தின் பெருமையில் ஒரு குன்றிமணி குறைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர் காலடிக்குப் பந்து தானாக உருண்டு வந்துவிடவில்லை என்று மட்டும்தான் சொல்கிறேன்.

இவ்வளவு சிறிய ஒரு கூட்டத்திலிருந்து இத்தனை ஆட்டக்காரர்கள் எப்படி வந்தார்கள்? ரத்தத்திலேயே இருக்கிறது என்று சொல்லுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. என்னுடைய அபிப்பிராயம் ரொம்பச் சாதாரணமானது: அவர்களுக்குச் சாயங்காலம் ஐந்து மணி என்று ஒன்று இருந்தது.

ரயில்வே, தந்தி, சுங்கம், போலீஸ் என்று சில உத்தியோகங்களைக் கும்பினி ராஜ்யத்துக்குப் பின்வந்த சர்க்கார் அவர்களுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தது. மற்ற இந்தியர்களுக்குக் கிடைக்காத சலுகை அது. அதை மறைக்க வேண்டியதில்லை. சலுகையோடு காலனியும் வந்தது. காலனியின் நடுவில் 'இன்ஸ்டிட்யூட்'. அதற்குள்ளே நடனமாட மரத்தளம், வெளியே ஹாக்கி மைதானம். ஜோலார்பேட்டை, அரக்கோணம், போத்தனூர், பொன்மலை, பெரம்பூர் என்று தண்டவாளம் பிரிகிற இடத்திலெல்லாம் இந்த ஏற்பாடுதான். கிரிக்கெட்டுக்கு ஒரு நாள் முழுவதும் வேண்டும். எஞ்சின் ஓட்டுகிறவனுக்கு அது கட்டுப்படியாகாது. ஹாக்கிக்கு முப்பத்தைந்து முப்பத்தைந்தாக எழுபது நிமிஷம் போதும். ஐந்து மணிக்கு ஆரம்பித்தால் இருட்டுவதற்குள் முடித்துவிட்டுக் குளிக்கப் போகலாம். அப்பன் ஆடுகிறதைப் பிள்ளை கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து பார்க்கும். ஒருவன் டியூட்டிக்குப் போய்விட்டால் அவன் இடத்துக்குப் பிள்ளையைக் கூப்பிட்டுவிடுவார்கள். லெஸ்லி கிளாடியஸ் அப்படி வந்தவர்தான். கால்பந்து ஆடிக்கொண்டிருந்த பையன். கரக்பூரில் ஹாக்கிப் பயிற்சியை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றவரிடம், ஆள் குறைகிறதென்று 1932 ஒலிம்பிக் ஆட்டக்காரர் டிக்கி கார் ஒரு மட்டையைக் கொடுத்தாராம். அந்தப் பையனுக்குப் பிறகு மூன்று ஒலிம்பிக் தங்கமும் ஒரு வெள்ளியும் கிடைத்தன.

இதெல்லாம் எனக்குப் புத்தகத்திலிருந்து தெரிந்ததல்ல. புத்தகத்தில் பிற்பாடு சரிபார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான். முதலில் சொன்னவர் எங்கள் ஊரில் குடியிருந்த டிரைவர் துரை.

ரயில்வேயில் ஓய்வு பெற்று, கொஞ்சம் எலுமிச்சையும் நாரத்தையும் போட ஒரு துண்டு நிலம் வாங்கிக்கொண்டு குப்பனூருக்கு வந்தவர் அவர். ஏற்காட்டில் வாங்கப் பணம் போதவில்லை. மலையைப் பார்த்துக்கொண்டாவது இருக்கலாமே என்று வந்ததாகச் சொல்வார். எனக்கு அப்போது பத்து வயது. பிப்ரவரி, மார்ச்சில் அறுப்பு முடிந்த வயலில் நாங்கள் ஏதோ ஒரு ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தோம். துரை வரப்பில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். மறுநாள் சரியாக ஐந்து மணிக்கு ஒரு மட்டையைத் தோளில் சாத்திக்கொண்டு வந்து நின்றார். முசுக்கொட்டை மரத்தில் செய்த ஜலந்தர் மட்டை. பிடியில் சுற்றியிருந்த துணி கறுத்துப் போயிருந்தது. அந்த வெளிச்சத்தில் பார்த்தால் ஊர் எல்லை அய்யனார்தான்.

மட்டை ஒன்று, நாங்கள் பன்னிரண்டு பேர். கொய்யாக் கிளைதான் வளையும், முறியாது என்று கண்டுபிடித்தோம். அந்த வருஷம் குப்பனூரில் கொய்யாப் பழம் குறைவாகத்தான் கிடைத்திருக்கும்.

"இடது கை எஜமான், வலது கை வேலைக்காரன். புரியுதா மேன்?" என்பார். மேலே பிடித்திருக்கிற இடது கைதான் மட்டையைத் திருப்பும். வலது கை வெறுமே தள்ளும். மட்டையின் தட்டைப் பக்கத்தால்தான் பந்தைத் தொடலாம். உருண்டைப் பக்கம் பட்டால் தப்பு. தோளுக்கு மேலே மட்டை போனால் "ஸ்டிக்ஸ்!" என்று ஒரு சத்தம் போடுவார், மலையில் முட்டித் திரும்பி வரும். ஆட்டத்தை எப்போதும் 'புல்லி' போட்டுத்தான் ஆரம்பிப்பார். இரண்டு பேர் எதிரெதிரே நின்று, தரையில் ஒரு தட்டு, எதிராளி மட்டையில் ஒரு தட்டு, இப்படி மூன்று தடவை தட்டிவிட்டுப் பந்துக்குப் பாய வேண்டும். "கிரவுண்ட், ஸ்டிக்! கிரவுண்ட், ஸ்டிக்!" என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து கத்துவோம். 1981-லேயே அந்த விதியை எடுத்துவிட்டார்கள் என்பது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது. அவருக்குத் தெரிந்திருக்கும்; சொல்லவில்லை.

அவருடைய பிள்ளைகள் இருவரும் ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்தில் இருந்தார்கள். அது அவர்கள் குடும்பத்துக்கு மட்டும் நேர்ந்த சமாசாரமல்ல. சுதந்திரம் வந்தபோது, இனி நமக்கு இங்கே என்ன என்ற பயம் அந்தச் சமூகம் முழுவதையும் பிடித்துக்கொண்டது. 1947 ஆகஸ்டில் 'மனூரா' என்ற கப்பல் பம்பாயிலிருந்து எழுநூறு பேரளவில் ஏற்றிக்கொண்டு பெர்த்துக்குப் பக்கத்திலுள்ள ஃப்ரீமாண்டில் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு வருஷா வருஷம் இங்கிலாந்துக்கும் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்க்கொண்டேயிருந்தார்கள். இங்கே தங்கிவிட்டவர்களுக்காக மக்களவையில் இருந்த இரண்டு நியமன இடங்களும் 2020 ஜனவரியோடு முடிந்துபோயின.

போனவர்கள் பெட்டியோடு மட்டையையும் எடுத்துப் போனார்கள். ஜபல்பூரில் பிறந்த பியர்ஸ் சகோதரர்கள் ஐந்து பேர். ஐவருமே ஆஸ்திரேலியாவுக்காக ஆடினார்கள். எரிக் பியர்ஸ் மட்டும் 1956 முதல் 1968 வரை நான்கு ஒலிம்பிக் ஆடினார். 1960-இல் ரோமாபுரியில் கால் இறுதி ஆட்டம் இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடந்தது. இந்தப் பக்கம் காப்டன் கிளாடியஸ், பிலாஸ்பூரில் பிறந்தவர். அந்தப் பக்கம் பியர்ஸ் சகோதரர்கள். பிலாஸ்பூரும் ஜபல்பூரும் பழைய மத்திய மாகாணத்து ஊர்கள். நேரத்தை நீட்டித்தபிறகு இந்தியா ஒரே ஒரு கோலில் தப்பியது. கிளாடியஸ் கல்கத்தாவை விட்டுப் போகவில்லை. 2012-இல் அங்கேயே காலமானார்.

துரையும் ஒரு தடவை பெர்த்துக்குப் போனார். ஆறு மாதம் இருந்து வருவதாகச் சொல்லிப் போனவர் மூன்றே மாதத்தில் திரும்பி வந்து எலுமிச்சைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க துரை, அங்கே ஹாக்கி இல்லீங்களா?" என்று கேட்டோம்.

"இருக்குது மேன். பேரனுங்க நல்லா ஆடறானுங்க. பச்சைக் கம்பளம் போட்டு, தண்ணி தெளிச்சு, அதுமேல ஆடறானுங்க. ஆனா சனிக்கிழமைதான் ஆட்டம். எல்லாரும் கார்ல வர்றான், ஆடறான், கார்ல போறான். கிரவுண்டுக்கு நடந்து வர்றவன் ஒருத்தனும் இல்லை."

அந்தக் கம்பளம் 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் வந்தது; இந்தியா அந்த வருஷம் ஏழாவது. கம்பளம்தான் நம் ஆட்டத்தைக் கெடுத்தது என்று சொல்லுவது நம்மிடம் ஒரு வழக்கமாகிவிட்டது. கொஞ்சம் வாஸ்தவம். ஆனால் அதற்கு முன்னாலேயே எத்தனை இன்ஸ்டிட்யூட் மைதானங்களில் ஆடு மேய ஆரம்பித்துவிட்டது என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

ரத்தத்தில் இல்லை என்று சொன்னேனே, அதற்கு நம் தேசத்திலேயே சாட்சி இருக்கிறது. தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் பெயர்போன கோவில்பட்டிக்குப் போய்ப் பாருங்கள். கரிசல் மண்ணில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக ஹாக்கி ஆடுகிற ஊர். அங்கே பிறந்த மாரீஸ்வரனும், அரியலூரிலிருந்து வந்து அங்கே தங்கிப் பழகிய கார்த்தி செல்வமும் 2022-இல் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடினார்கள். பாகிஸ்தானுக்கு எதிராகக் கார்த்தி ஒரு கோல் போட்டார். அந்த ஊரில் இன்னும் சாயங்காலம் ஐந்து மணி இருக்கிறது என்று அர்த்தம். குப்பனூரில் துரை காலமான பிறகு இரண்டு வருஷம் தாக்குப் பிடித்தோம். இப்போது அந்த வயலில் வீடுகள் வந்துவிட்டன. வீடுகளுக்கு நடுவே பிள்ளைகள் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடுகிறார்கள்.

துரை சொன்ன ஒரு விஷயத்தை மட்டும் நான் எந்தக் கதையிலும் வைத்ததில்லை. வைத்தால் கதை மாதிரி இருக்கும் என்ற பயம்தான்.

1968 அக்டோபரில் மெக்சிகோ ஒலிம்பிக் அரை இறுதி ஆட்டத்தில் ஆஸ்திரேலியா இந்தியாவை 2-1 என்று ஜெயித்துவிட்டது. 1928 முதல் தங்கமோ வெள்ளியோ இல்லாமல் இந்தியா திரும்பியதில்லை. அந்த வருஷம் வெண்கலம்தான். ஜெயித்த பக்கத்தில் எரிக் பியர்ஸ் இருந்தார். தோற்ற பக்கத்தில் நம் பக்கத்து ஆட்டக்காரர்கள் முனீர் சேட்டும் கிருஷ்ணமூர்த்தியும் இருந்தார்கள். சேலம் ரன்னிங் ரூமில் காலைச் செய்தியைத் துரை கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு ஒரு கூட்ஸ் வண்டியை எடுத்துக்கொண்டு ஜோலார்பேட்டைக்குக் கிளம்பினார். கூட வந்த ஃபயர்மேன் ஹாக்கிப் பைத்தியம். செய்தி கேட்க அவனுக்கு நேரமில்லை.

"பொம்மிடியில கேட்டான் மேன், 'என்னாச்சு சார்?'னு. சரியாக் காதுல விழலேன்னேன். மொரப்பூர்ல மறுபடி கேட்டான். சிக்னல் பாருன்னேன். யார் ஜெயிச்சா எனக்குச் சந்தோஷம்னு எனக்கே தெரியலையே, அவன்கிட்ட எந்த முகத்தை வச்சுக்கிட்டுச் சொல்றது? திருப்பத்தூர் தாண்டினப்புறம்தான் சொன்னேன்."

"அவர் என்னங்க சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லலை. தேவையே இல்லாம ரெண்டு வாரு கரி அள்ளிப் போட்டான்."