இரண்டாவது குவியல்

என் கடையில் மைக் ஒயர்கள் இரண்டு குவியலாகக் கிடந்தன. கேபிள் டெஸ்டரில் போட்டுப் பார்த்துத் தேறியவை ஒரு பக்கம். அவை கொடைக்கானல் ஓட்டல் கல்யாணங்களுக்கும் மே மாதச் சீசன் கச்சேரிகளுக்கும் போகும். பார்க்காமல் போட்டவையும் பார்த்துச் சந்தேகம் வந்தவையும் இன்னொரு பக்கம். அவை மேல்மலைக்கு. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கிளாவரை என்று எந்த ஊர்த் திருவிழா வந்தாலும் அந்தக் குவியலிலிருந்துதான் ஜீப்பில் ஏற்றுவேன். யாரும் சொல்லிக்கொடுத்து இதைச் செய்யவில்லை. வாடகை குறைவு, கேட்க ஆளில்லை என்று நானே பிரித்து வைத்தேன்.

டெஸ்டர் பெரிய கருவி ஒன்றும் இல்லை. கையில் அடங்கும் பெட்டி. ஒயரின் இரு முனைகளையும் அதில் சொருகினால் மூன்று பின்னுக்கும் தனித்தனியாக விளக்கு எரியும். முதல் பின் ஷீல்டு. வெளி இரைச்சலை உள்ளே விடாமல் தடுப்பது. இரண்டும் மூன்றும் ஒரே குரலை நேரும் எதிருமாகக் கொண்டுபோகின்றன. மிக்சர் அவற்றின் வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்வதால், வழியில் இரண்டிலும் ஒன்றுபோல ஏறிய இரைச்சல் கழிந்துபோகும். 100 அடி ஒயர் இழுத்தாலும் குரல் சுத்தமாக வருவது அதனால்தான். இரண்டையும் மூன்றையும் மாற்றி ஈயம் வைத்துவிட்டால் தனியாகக் கேட்கும்போது தெரியாது. பக்கத்தில் இன்னொரு மைக் இருந்தால் ஒன்றை ஒன்று தின்று குரல் சப்பென்று ஆகிவிடும். டெஸ்டர் அதை உடனே காட்டிக்கொடுக்கும். விளக்கு எரிந்ததே என்று விட்டுவிடவும் கூடாது. ஒரே ஒரு இழையில் தொங்குகிற ஒயருக்கும் விளக்கு எரியும். கனெக்டரின் கழுத்தைப் பிடித்து வளைத்து ஆட்டிப் பார்க்க வேண்டும். அணைந்து அணைந்து எரிந்தால் உள்ளே ஈயம் விட்டிருக்கிறது. மலை ஈரத்தில் செம்பு பச்சை பூத்துவிடும் என்பதால் இங்கே இன்னும் அதிகமாகப் பார்க்க வேண்டும். இத்தனையும் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

மன்னவனூருக்கு அப்பால் ஓர் ஊரில் திருவிழா. வள்ளி திருமணம் நாடகம். சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த அந்த நாடகத்தில் நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கத்துக்காகவே ஜனம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இந்த மாதிரி ஸ்பெஷல் நாடக நடிகர்கள் ஒரே கம்பெனியாக வருகிறவர்கள் அல்லர். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசிக் கூட்டி வருவார்கள். தொண்டைதான் அவர்களுக்கு முதல். வள்ளி வேஷம் கட்டிய அம்மா மேடை ஏறுமுன் என்னிடம் வந்து, "அண்ணே, மைக்கெல்லாம் சரியா இருக்கா? நேத்தும் ஆட்டம், தொண்டை கம்மிக் கெடக்கு" என்றார்.

"எல்லாம் பாத்தாச்சும்மா" என்றேன். பார்க்கவில்லை.

தர்க்கம் சூடு பிடித்த நேரத்தில் அவர் மைக்கில் கரகரவென்று சத்தம். அப்புறம் குரல் மெலிந்துபோய் இரைச்சல் மட்டும் நின்றது. ஒயரை மாற்றினேன். மாற்று ஒயரும் அதே குவியல்தானே; அதுவும் பேசவில்லை. நாரதரின் மைக்கில் இருவரும் ஒட்டி நின்று பார்த்தார்கள். எதிரும் புதிருமாக நின்று வாதாட வேண்டிய இடம், ஒட்டி நின்றால் ஆட்டமே இல்லை. அந்த அம்மா விலகிப்போய் வெறும் தொண்டையில் பாட ஆரம்பித்தார். திறந்தவெளி, பனிக்காற்று. கல்யாணக் கட்டம் வரும்போது குரல் உடைந்து வெறும் காற்றாக வந்தது. மறுநாள் கீழே இன்னோர் ஊரில் அவருக்கு ஆட்டம் இருந்தது. அது என்ன ஆயிற்று என்று நான் விசாரிக்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம்.

விழாக் கமிட்டியிடம், "பனி எறங்கிருச்சு, மலையில இப்படித்தான்" என்றேன். ஒத்துக்கொண்டார்கள். பூண்டுக் காட்டில் வேலை செய்யும்போதும் கோடை பண்பலை 100.5 கேட்டுக்கொண்டே இருக்கிறவர்கள் அவர்கள். தெளிந்த குரல் எப்படி இருக்கும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்களுக்கு இது போதும் என்று நான் நினைத்தது அவமரியாதை. அதை வாடகைக் கணக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைக்குத் திரும்பியதும் அந்த ஒயரை டெஸ்டரில் சொருகினேன். இரண்டாவது பின் விளக்கு எரியவில்லை. கழுத்தை அழுத்தினால் எரிந்தது, விட்டால் அணைந்தது. ஜீப்பில் ஏற்றுமுன் ஒரு நிமிஷம் செலவழித்திருந்தால் தெரிந்திருக்கும். அதைப் பார்த்த பிறகுதான் நான் இதைவிடக் கேவலமான ஒன்றைச் செய்தேன். திருவிழாவுக்கு என்னோடு உதவிக்கு வந்திருந்த பையனிடம், "நீ ஒயர மிதிச்சதாலதான் போச்சு" என்று சொல்லிக் கூலியில் பாதியைப் பிடித்துக்கொண்டேன். ஈயம் விட்டதற்கும் அவன் காலுக்கும் சம்பந்தமே இல்லை என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். அவன், "நான் மிதிக்கலண்ணே" என்று மட்டும் சொன்னான். அடுத்த வேலைக்கு வரவில்லை.

இப்போது குவியல் ஒன்றுதான். தேறாத ஒயரின் கனெக்டர்களை அன்றைக்கே வெட்டி எடுத்துவிடுகிறேன். சோம்பல் வந்தாலும் அதை ஜீப்பில் ஏற்ற முடியாது. மேல்மலைக்குப் போகும் ஒயர்களைக் கடையில் ஒருமுறையும், வளைவுகளில் குலுங்கிப் போய் இறங்கிய பிறகு மேடையருகே ஒருமுறையும் பார்க்கிறேன். இதையெல்லாம் செய்வதில் சிரமம் இல்லை. பையன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அவன் நம்பர் என்னிடம் இருக்கிறது. பணத்தை மட்டும் அனுப்பிவிட்டால் எதற்கு என்று கேட்பான். அதற்கு இந்தப் பதிலைச் சொல்ல வேண்டும் என்பதால் இன்னும் அவனைக் கூப்பிடவில்லை.