உவரும் வரம்பும்

தீவகத்தில் ஆறில்லை. மாரிமழை சுண்ணக்கல்லினூடே இறங்கி உவர்நீரின்மேல் மிதந்து நிற்பதே வேலணையிலும் புங்குடுதீவிலும் நாம் இறைக்கும் நன்னீர். கடல்மட்டத்துக்கு மேலுள்ள நன்னீர் 1 அடி தாழின், அடியிலுள்ள உவர் ஏறத்தாழ 40 அடி உயரும் என்பது நீரியலார் கணக்கு. துலா மிதித்த நம் முன்னோர் இக்கணக்கை அறியார். எனினும் அவர்தம் இறைப்பு அதனை மீறவில்லை. இயந்திரமோ எளிதில் மீறிவிடும்.

மழையும் முன்போல் நிதானமாகப் பெய்வதில்லை; சில நாளிற் கொட்டி ஓய்கின்றது. ஆதலின் வரம்புயர்த்தி நீரைத் தேக்குதலும், பூவரசங்குழை தாழ்த்துதலும், ஆட்டுப்பட்டி அடைத்தலும் பழங்கதையெனத் தள்ளத்தக்கன அல்ல. குழை மட்கிய மண் ஈரத்தை நெடுநாள் பற்றி நிற்கும். குழை வெட்டக் கூலி மிகுதி என்பர்; உரமூடை மட்டும் மலிவோ?

1990, 1991ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வுக்குப் பின் பல காணிகள் உழுவாரற்றன. அவற்றுக்கு உடையோர் நம் பழைய மாணவருள்ளும் உளர். கொழும்பிலும் கடல்கடந்தும் வாழ்கின்றனர். அவர்தம் வரம்பு உடைந்த வழியே, அயலில் உழுவோன் வயல்நீரும் கடலுக்குப் போகின்றது.