பின்னேரங்களின் கணக்கு

மாமி இருக்கும் பராமரிப்பு இல்லத்தின் குடும்ப மன்றத்தில் நானும் ஒருத்தி. ஒன்ராறியோவில் எந்த நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்திலும் உறவினர் கூடி இப்படி ஒரு மன்றம் அமைக்கச் சட்டம் இடம் தருகிறது. மறதி நோயாளருக்கென்று ஒரு தனிப் பராமரிப்புத் திட்டத்தைக் கொண்டுவரலாமா என்ற பேச்சு அண்மையில் அங்கே எழுந்தது. எல்லோரும் முதலில் கேட்டது செலவைத்தான். கேட்கவேண்டிய கேள்விதான் அது. ஆனால் செலவு யாருடையது, மிச்சம் யாருக்கு என்பதை ஒருவரும் கேட்கவில்லை.

மாமி ஸ்காபரோவுக்கு வந்து, தொழிற்சாலையில் வேலை செய்து, பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கூட்டங்களுக்கும் தனியே போய் ஆங்கிலத்தில் சமாளித்தவர். அந்த ஆங்கிலம் இப்போது இல்லை. பிந்திப் படித்த மொழி முந்திப் போவது மாமிக்கு இருக்கும் மறதி நோயில் பலருக்கும் நடப்பது. பின்னேரமானால் மாமிக்கு வீட்டுக்குப் போகவேணும். கைப்பையை எடுத்துக்கொண்டு கதவடிக்கு வந்துவிடுவார். "பிள்ளையள் பள்ளிக்கூடத்தால வந்திடுவினம், கதவைத் திறவுங்கோ" என்று தமிழில் கேட்பார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒருத்தி அந்த நேரம் வேலையில் நின்றால், "போவம் மாமி, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவம்" என்று கையைப் பிடித்து நடைகூடத்தில் இரண்டு தரம் நடத்திக்கொண்டு வருவாள். அவ்வளவுதான், மாமி அமைதியாகிவிடுவார். அவள் இல்லாத நாட்களில் நிற்பவரும் நல்லவர்தான், ஆனால் முன்பின் தெரியாத முகம். அவருக்குப் பார்க்கப் பலபேர், மாமியின் மொழியும் தெரியாது. மாமி கத்துவார், கையை உதறுவார். அது "நடத்தைப் பிரச்சினை" என்று குறிப்பேட்டில் ஏறும். அடுத்து வருவது மாத்திரை.

அந்த மாத்திரைகளைப் பற்றிச் சொல்லவேண்டும். மனநோய்களுக்கென்று வந்த மருந்துகள் அவை. மறதி நோயுள்ள முதியவர்களில் அவை இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2005இல் எச்சரித்தது. விழுகிற ஆபத்தையும் அவை கூட்டுகின்றன. விழுந்தால் இடுப்பெலும்பு, அம்புலன்ஸ், மருத்துவமனை, சத்திரசிகிச்சை. எண்பது வயதுக்கு மேல் அதிலிருந்து எழும்பிப் பழையபடி நடமாடுபவர்கள் குறைவு.

வேறு வழியும் இருக்கிறது. மிசிசாகாவின் மோல்ற்றன் வில்லேஜ் இல்லத்தில் பீல் பிராந்திய நிர்வாகம் 2017இல் 'பட்டர்ஃப்ளை' முறையைப் பரீட்சித்தது. இங்கிலாந்தில் டேவிட் ஷியர்ட் உருவாக்கிய முறை அது. சீருடை இல்லை. பணியாளர்கள் முதியவர்களோடு ஒரே மேசையில் சாப்பிடுவார்கள். கதவுகளுக்கு வர்ணம், சுவரோரம் எடுத்துப் பார்க்கவும் அணைக்கவும் பொருட்கள். பீல் நிர்வாகம் அதன் விளைவில் திருப்திப்பட்டு மற்ற இல்லங்களுக்கும் விரிவாக்க முடிவுசெய்தது. எங்கள் கூட்டத்தில் படங்களைக் காட்டியபோது எல்லோர் கண்ணும் வர்ணக் கதவுகளில்தான் நின்றது. எனக்கு அந்தச் சாப்பாட்டு மேசைதான் பெரிதாகப் பட்டது. கதவுக்கு ஒருதரம் பூசினால் போதும். மேசையில் கூட இருந்து சாப்பிட நாளாந்தம் ஆள் வேண்டும்.

இங்கிலாந்தில் நடந்த இரண்டு ஆய்வுகளைப் பக்கத்தில் வைத்தால் இது விளங்கும். 2018இல் வெளிவந்த 'வெல்ட்' ஆய்வு 69 இல்லங்களில் 847 பேரை எடுத்துக்கொண்டது. ஆளறிந்து பராமரிக்கப் பணியாளருக்குப் பயிற்சி, கொடுக்கும் மாத்திரைகளைத் திரும்பப் பார்ப்பது, ஒவ்வொருவருக்கும் வாரத்தில் ஒரு மணிநேரம் விருப்பமான பேச்சுத்துணை. இவைதான் திட்டம். வாழ்க்கைத்தரம் கூடியது, பதற்றம் குறைந்தது. செலவும் வழமையான பராமரிப்பைவிடக் குறைவாகவே வந்தது. 2020இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு 50 இல்லங்களில் வேறொரு முறையைப் பார்த்தது. பயிற்சி பெற்ற பணியாளர் ஒரு மூலையில் இருந்து, ஒவ்வொரு முதியவரும் எப்படி இருக்கிறார் என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் குறித்து, பிறகு பராமரிப்பைத் திருத்தும் முறை அது. பதற்றம் குறையவில்லை, போட்ட பணத்துக்குப் பலனும் இல்லை. பெரும்பாலான இல்லங்களால் முதல் சுற்றுக்கு அப்பால் போகவே முடியவில்லை. ஆகவே திட்டம் என்று பெயர் வைத்த எல்லாவற்றுக்கும் காசு கொடு என்று நான் சொல்லமாட்டேன். பயிற்சி பெற்றவருக்கு அதைச் செய்ய நேரமும், அந்த இல்லத்தில் நிலைத்து நிற்க வேலையும் இல்லையென்றால் அந்தக் காசு வீண்.

இனி யாருக்கு மிச்சம் என்ற கேள்வி. ஒன்ராறியோ அரசு இல்லங்களுக்குப் பணத்தைப் பிரித்துத்தான் கொடுக்கிறது: தாதியர் பராமரிப்புக்கு ஒன்று, செயற்பாடுகளுக்கு ஒன்று, உணவுக்கு ஒன்று, தங்குமிடத்துக்கு ஒன்று. அடிப்படை அறைக்கு மாதம் ஏறத்தாழ 2000 டொலரை முதியவரே கட்டுகிறார். மாமி விழாமல் இருந்தால் மிச்சப்படுவது மருத்துவமனையின் பணம். மாத்திரை குறைந்தால் மிச்சப்படுவது மாகாண மருந்துத் திட்டத்தின் பணம். பயிற்சிக்கும் கூடுதல் ஆளுக்கும் பணம் தேடவேண்டியது மட்டும் இல்லம். அதற்குமேல், தாதியர் பராமரிப்புப் பணம் நோயாளிகளின் நிலையைப் பார்த்து ஏறி இறங்கும் வகையில் அமைந்திருக்கிறது. பராமரிப்பின் தேவை கூடியவருக்குப் பணம் கூட. நன்றாகப் பார்த்து ஒருவரை நடமாட வைத்த இல்லத்துக்கு அதனால் ஒரு சதமும் கூடுதலாக வராது. எங்கள் நிர்வாகி தயங்கியதில் எனக்குக் கோபம் இல்லை. அவருடைய ஏட்டில் அது உண்மையாகவே நட்டம்தான்.

ஒன்ராறியோவின் 2021ஆம் ஆண்டு நீண்டகாலப் பராமரிப்புச் சட்டம் ஒருவருக்கு நாளுக்குச் சராசரி நான்கு மணிநேர நேரடிப் பராமரிப்பை இலக்காக வைத்தது. நல்ல சட்டம். ஆனால் அந்த நான்கு மணிநேரத்தில் எத்தனை முகங்கள் வந்துபோகின்றன என்பதை அந்த இலக்கு கணக்கில் எடுப்பதில்லை. அரைநேர வேலையில் இரண்டு மூன்று இடங்களுக்கு ஓடும் எங்கள் பெண்களை எனக்குத் தெரியும். கோவிட் காலத்தில் ஒரே இல்லத்தில்தான் வேலை செய்யலாம் என்று கட்டளை வந்தபோதுதான், எத்தனை பேர் அப்படி ஓடினார்கள் என்று நாடு கண்டது.

மன்றத்தில் நான் சொன்னது இது. வர்ணம் பிறகு வரட்டும். முதலில் பின்னேர வேலைநேரத்துக்கு முழுநேர நிரந்தரப் பணியாளர் வேண்டும், முதியவர்களின் மொழி தெரிந்தவர்களாக இருந்தால் நல்லது. பயிற்சியையும் அவர்களுக்கே கொடுக்கவேண்டும். அதற்கான பணத்தை இல்லத்திடம் கேட்காமல், மருத்துவமனைச் செலவு குறைவதால் ஆதாயம் பெறும் மாகாணத்திடமே கேட்போம் என்றேன். சுகாதாரத்துக்கும் நீண்டகாலப் பராமரிப்புக்கும் பொறுப்பான இரண்டு அமைச்சர்களுக்கும் ஒரே கடிதத்தை அனுப்புவதென்று முடிவாகியிருக்கிறது. விழுந்து மருத்துவமனைக்குப் போனவர்களின் கணக்கை இல்லத்திடம் கேட்டிருக்கிறோம், அதையும் அந்தக் கடிதத்தோடு இணைப்பதற்கு.