ஏழேகால் மணிக் குரல்

இப்போதும் காலையில் ஏழேகால் ஆனால் என் கை தானாக அடுப்பைத் தணிக்கிறது. திண்டிவனத்தில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் ரேடியோதான் கடிகாரம். டில்லியிலிருந்து தமிழ்ச் செய்தி ஏழேகாலுக்கு வரும். "செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணஸ்வாமி" என்று அந்தக் குரல் எழுந்ததும், "உஸ், சத்தம் போடாதீங்க" என்பார் அத்தை.

அது என்ன குரல் என்கிறீர்கள்! கொஞ்சல் கிடையாது, குழைவு கிடையாது. பக்கத்து வீட்டுப் பெரியவர் அது ஆண்பிள்ளை என்றே சாதிப்பார். சரோஜ் என்பது வடக்கத்தி ஆண் பெயராம்! அவர் பம்பாயில் பிறந்து வளர்ந்தவர், பூர்வீகம்தான் தஞ்சாவூர்ப் பக்கம் என்று பின்னாளில் படித்தபோது என்னால் நம்பவே முடியவில்லை. 'ழ'வும் 'ள'வும் அப்படித் தனித்தனியாக விழும். அப்போது டில்லியில் செய்தி வாசித்தவர்கள் வெறுமனே வாசித்ததில்லை. இங்கிலீஷில் வந்த செய்தியைத் தாங்களே தமிழாக்கிக்கொண்டு மைக் முன்னால் உட்கார வேண்டியிருந்தது. ஏழேகாலுக்கு வாசிக்க எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும், பாருங்கள்! நாம் காபிக்குப் பால் காய்ச்சும்போது அந்த அம்மாள் பாதி வேலையை முடித்திருப்பார்.

1979-ல் எனக்கு விழுப்புரத்தில் டைப்பிஸ்ட் வேலைக்கு ஆர்டர் வந்தது. மகளுக்கு அப்போது ஒன்பது மாதம். "பால்குடி மறக்காத குழந்தையை விட்டுட்டு ரயிலேறிப் போறதா? நம்ம வீட்லே வழக்கமில்லே" என்றுவிட்டார் மாமா. என் வீட்டுக்காரர் பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். நான் ஆர்டரை மடித்து அரிசி டின்னுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

மறுநாள் செய்தி முடிந்தது. மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்த அத்தை தலைநிமிராமலே கேட்டார்: "ஏங்க, டில்லிச் சேதியை ஒரு பொம்பளை வாயாலே தினம் கேக்கறீங்க. அது உங்களுக்குக் கசக்கலே. நம்ம வூட்டுப் பொண்ணு விழுப்புரம் போய் வந்தா மட்டும் கசக்குதா? கொழந்தையை நான் பாத்துக்கறேன்."

மாமா பதில் பேசவில்லை. சாயங்காலம் சீசன் டிக்கெட்டுக்கு என்று பணம் எடுத்து அலமாரியில் வைத்தார். அவ்வளவுதான் அவர் சம்மதம்!

அப்புறம் எல்லாம் சுகமாக நடந்தது என்று சொன்னால் பொய். அப்போது மீட்டர் கேஜ் ரயில். மத்தியானம் ஆனால் பால் கட்டி, ரவிக்கை நனைந்து, ஆபீஸ் பின்கட்டில் நின்று அழுதிருக்கிறேன். வீட்டில் அத்தை கேழ்வரகை ஊறவைத்து அரைத்து, வெள்ளைத் துணியில் பால் பிழிந்து, துளி வெல்லம் போட்டுக் கூழாகக் காய்ச்சிக் கொடுப்பார். ராத்திரியிலும் விடிகாலையிலும் நான் தாய்ப்பால் கொடுப்பேன். குழந்தைக்குப் பத்தே நாளில் பழகிவிட்டது. எனக்குத்தான் மூன்று மாதம் பிடித்தது. ஒருநாள் ரயில் தாமதமாகி இருட்டிய பிறகு வந்து கை நீட்டினேன். அவள் அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு "ம்மா" என்றாள். அவள் வாயிலிருந்து வந்த முதல் "அம்மா" அது. எனக்கில்லை. இன்றும் நினைத்தால் சுருக்கென்கிறது. அத்தைதான், "அசடு, அது ரயிலைப் பார்த்து சொல்லுது" என்று என்னைச் சிரிக்க வைத்தார்.

அந்த வேலையில் இருபத்தொன்பது வருஷம் இருந்தேன். அத்தை 1994-ல் போய்விட்டார். சரோஜ் நாராயணஸ்வாமி சுமார் 35 வருஷம் வாசித்து ஓய்வு பெற்று, 2009-ல் கலைமாமணி விருது வாங்கினார். 2022 ஆகஸ்ட் 13-ந் தேதி மும்பையில் காலமானார், வயது 87. செல்போனில் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "யார் பாட்டி, சொந்தக்காரங்களா?" என்று பேத்தி கேட்டாள்.

"ஆமாம்டி, உங்க கொள்ளுப்பாட்டிக்குத் தோழி" என்றேன்.