பூதப்பாண்டி கொடையும் வில்லுக்கார அக்காவும்

நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்தில் திட்டுவிளை பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துவிட்டால் போதும். புத்தேரி குளம் வரும், இறச்சகுளம் வரும், வயலும் வாழைத்தோட்டமும் மாறி மாறி வரும். தூரத்தில் தாடகை மலை கூடவே நடந்து வருவது போலிருக்கும். 10, 12 கிலோமீட்டர்தான். டிக்கெட்டை மடித்துப் பையில் வைப்பதற்குள் பூதப்பாண்டி வந்துவிடும்.

எங்கள் ஊர்!

ஊரின் பெயருக்குச் சங்க காலத்துப் பூதப்பாண்டியனைக் காரணம் சொல்வார்கள். பாறையோடு சேர்ந்து நிற்கும் பூதலிங்கசுவாமி கோயில், பக்கத்தில் பழையாறு, தேர் ஓடும் வீதி என்று ஊரைச் சுற்றிவர அரை மணி நேரம் தாராளம். பொதுவுடைமை இயக்கத் தலைவர் ஜீவா என்ற ப. ஜீவானந்தம் 1907-ல் பிறந்தது இங்கேதான். வெளியூரில் 'எந்த ஊர்?' என்று கேட்டால், 'ஜீவா ஊர்' என்று சொல்லிக்கொள்வதில் எங்களுக்கெல்லாம் ஒரு பெருமை.

ஆனால், எட்டு வயதில் எனக்கு ஜீவாவைத் தெரியாது. எனக்குத் தெரிந்த ஒரே பெரிய ஆள் வில்லுக்கார அக்காதான்.

நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு வில்லுப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். அம்மன் கோயில் கொடை என்றால் வில்லு உண்டு. மணிகள் கட்டிய நீளமான வில்லைக் கிடத்தி, அதைக் குடத்தோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். நடுவில் இருக்கும் புலவர் இரண்டு வீசுகோலால் நாணைத் தட்டிப் பாடுவார். குடத்தின் வாயில் பாக்கு மட்டையால் ஒருவர் அடிப்பார். உடுக்கை, தாளம், கட்டை என்று ஆளுக்கொன்று. புலவரோடு சேர்ந்து பாடுகிறவர்கள் வலத்தே, எதிர்ப்பாட்டுப் பாடுகிறவர்கள் இடத்தே. காப்பில் தொடங்கும் கதை, வாழி பாடித்தான் முடிய வேண்டும். கதை உச்சத்துக்குப் போகும்போது சாமியாடிக்கு அருள் வரும். பாட்டைக் கேட்க மனிதர்கள் மட்டுமல்ல, அம்மனும் உட்கார்ந்திருக்கிறாள் என்பதுதான் கணக்கு.

1982 சித்திரை. எங்கள் தெரு முத்தாரம்மன் கோயில் கொடைக்கு ஒரு பெண் புலவர் வந்தார். மஞ்சள் பட்டு, நெற்றி நிறையக் குங்குமம். பாடிக்கொண்டே வீசுகோலை மேலே எறிந்து, பார்க்காமலே பிடித்தார். என் வாய் திறந்தது திறந்தபடி. மறுநாள் முழுக்க முருங்கைக் கம்பை எறிந்து எறிந்து என் மண்டையில்தான் விழுந்தது!

அன்று ராத்திரி கதை பாதியில் மழை கொட்டியது. ஓலைப்பந்தல் தாங்கவில்லை. குழுவில் இருந்த ஏழு பேரும் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒதுங்கினார்கள். அக்கா ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே என்னைப் பார்த்து, "என்ன மக்களே, தூங்கல்லியா?" என்று கேட்டார். அந்த ஒரு வரியை நாற்பது வருஷமாக வைத்திருந்தேன்.

படிப்பு, வேலை, சென்னை என்று வாழ்க்கை போய்விட்டது. 2018 நவம்பரில் ஒரு செய்தி வந்தது. கன்னியாகுமரி பக்கம் கொட்டாரத்தில் வாழ்ந்த பூங்கனி அம்மாள் மறைந்துவிட்டார் என்று. சிறுமியாக இருக்கும்போதே வில்லுக்கு வந்து, அரை நூற்றாண்டுக்கு மேல் கோயில் கோயிலாகப் பாடியவர். கடைசிக் காலம் வறுமையில்தான் கழிந்தது. 'ஒருநாள் போய்ப் பார்க்கணும்' என்று நானும் நினைத்திருந்தேன். அந்த ஒருநாள் வரவே இல்லை.

அப்போதுதான் எங்கள் அக்கா நினைவுக்கு வந்தார். அவர் இருக்கிறாரா? எங்கே இருக்கிறார்? அப்படியும் விசாரிக்கத் தொடங்கவில்லை நான். நம் சோம்பல் அப்படி!

இந்தத் தையில், பூதலிங்கசுவாமி கோயில் தேருக்கு ஊருக்குப் போயிருந்தேன். தேர்க்கூட்டத்தில் பக்கத்து ஊர்க் குடக்காரர் ஒருவரைப் பார்த்தேன். பேச்சுவாக்கில் கேட்டதும், "அவுங்களா? தோவாளைப் பக்கம்லா இருக்காவ. இப்ப பாடுகதில்லை" என்று வழியும் சொல்லிவிட்டார். நாற்பது வருஷம் தேடாமல் இருந்த ஆள், ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்திருக்கிறார்.

மறுநாள் காலை ஆட்டோ பிடித்து, தாழக்குடி வழியாகத் தோவாளை போனேன். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று முகத்தில் அடித்தது. பூச்சந்தையில் பிச்சியும் அரளியும் மலை மலையாகக் குவிந்திருந்தன. நான்கு முழம் பிச்சிப்பூ வாங்கிக்கொண்டேன்.

போகிற வழியெல்லாம் சுப்பு ஆறுமுகம் ஐயாவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். திருநெல்வேலி சத்திரம் புதுக்குளத்துக்காரர். 1948-ல், கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் அவருடைய திறமையைப் பார்த்துவிட்டுச் சென்னைக்கு அழைத்துப் போனார். நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்து, சிறுவனாக நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்று, அங்கிருந்து மேடை ஏறியவர் கலைவாணர். வில்லுப்பாட்டை நகரத்து மேடைக்குக் கொண்டுபோனவர். அவர் கைபிடித்துப் போன இளைஞர், பிறகு வில்லிசைக்காகவே வாழ்ந்து, 2021-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டு, 2022 அக்டோபரில் மறைந்தார். மகள் பாரதி திருமகன் இன்றும் பாடுகிறார். ஒரு கலைஞரைப் போய்ப் பார்ப்பது சிலருக்கு வாழ்க்கையையே மாற்றிவிடுகிறது. நான் என்ன செய்யப்போகிறேன்? 'நல்லா பாடினீங்க அக்கா' என்று சொல்வதற்கு நாற்பது வருஷமா?

ஓட்டு வீடு. வாசலில் அக்கா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். உருவம் சுருங்கியிருந்தது. குங்குமம் இருந்த இடத்தில் திருநீறு. குரல் மட்டும் அப்படியே!

"யாரு மக்களே? எந்த ஊரு?"

"பூதப்பாண்டி, அக்கா. முத்தாரம்மன் கோயில் தெரு. சின்னப் பிள்ளையில உங்க பாட்டு கேட்டிருக்கேன்."

"மழை பெஞ்ச கொடையா?"

எனக்குச் சிலிர்த்துவிட்டது. அவருக்கும் நினைவிருக்கிறது! திண்ணையையும் ஈரத்தலையையும் அந்த ஒரு வரியையும் உற்சாகமாகச் சொன்னேன். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தப் பிள்ளைய ஞாபகம் இல்ல மக்களே. ரூவா கொறஞ்சது ஞாபகம் இருக்கு" என்றார்.

முந்நூற்று ஐம்பது ரூபாய் பேசியிருக்கிறார்கள். கதை பாதியில் நின்றதால் கோயில் கணக்குப் பார்த்தவர் இருநூறுதான் கொடுத்திருக்கிறார். வேன் வாடகை 60 போக, ஏழு பேருக்கும் ஆளுக்கு இருபது ரூபாய். குடம் அடித்தவர் அக்காவின் கணவர். "திரும்பி வரும்போ வழி பூரா அவரு ஒரு வார்த்தை பேசல்ல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னார்.

எனக்குத்தான் தொண்டை அடைத்தது. அந்த வருஷம் கோயில் கணக்குப் பார்த்தவர் எங்கள் பாட்டா.

சொல்லாமல் வந்திருக்கலாம். சொல்லிவிட்டேன். அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். "அந்த வெள்ளை மீசைக்காரரு பேத்தியா நீ? உங்க ஆச்சி பொறவாசல் வழியா ஒரு மரக்கால் அரிசி தந்தாவ. அதும் ஞாபகம் இருக்கு."

ஒரே ராத்திரி. எனக்கு அதில் மஞ்சள் பட்டும் வீசுகோலும் கிடைத்தன. அவருக்கு இருபது ரூபாயும் ஒரு மரக்கால் அரிசியும். திண்ணையில் நின்ற சிறுமிக்கு, உள்ளே நடந்த பேச்சு கேட்கவில்லை.

பையைத் திறந்து பணத்தை எடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்துவிட்டார். "செத்துப்போனவங்க கணக்க நீ தீர்க்க வேண்டாம் மக்களே. கதை பாதியில நிக்குல்லா? வாழி பாடல்லியே. அதுக்கு வழி பண்ணு."

பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, கல்லூரியில் படிக்கிறாள், இரண்டு வருஷமாக அக்காவிடம் பாட்டுக் கற்றுக்கொள்கிறாளாம். அவள் பாடட்டும், அக்கா வலத்தே உட்கார்ந்து தாளம் போடுவார். இதுதான் யோசனை.

அங்கிருந்தே அண்ணனுக்கு போன் போட்டேன். அவன் இப்போது கொடைக் கமிட்டியில் இருக்கிறான். "சிங்காரி மேளம் பேசியாச்சே. வில்லு ஒரு மணி நேரம் போதாதா?" என்றான். இன்றைக்குப் பல கொடைகளில் அப்படித்தான். மேளமும் கலர் லைட்டும் வந்தபிறகு, வில்லு சம்பிரதாயத்துக்கு என்று ஆகிவிட்டது. நான் பாட்டா கதையைச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ராத்திரி 10 மணியிலேருந்து 2 மணி வரைக்கும் வச்சுக்கிடலாம். பேசின ரூவாய முதல்லயே குடுத்துருவோம்" என்றான்.

வெற்றிலை பாக்கில் ஐந்நூறு ரூபாய் வைத்து அச்சாரமாக நீட்டினேன். அக்கா நூற்றியொன்று மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பித் தந்தார். பிச்சிப்பூவில் இரண்டு முழத்தைத் தன் அம்மன் படத்துக்கு வைத்து, மீதியை என் தலையில் வைத்துவிட்டார். "நல்லா பாடினீங்க அக்கா" என்று ஒருவழியாகச் சொன்னேன். "பாதிதானே கேட்டிருக்கே" என்று சிரித்தார்.

சித்திரையில் கொடை. நீங்களும் நாஞ்சில் நாட்டுப் பக்கம் போனால், பங்குனி, சித்திரையில் போங்கள். ஏதாவது ஒரு தெருவில் குடச் சத்தம் கேட்கும். கொஞ்ச நேரம் உட்காருங்கள். சின்ன வயதில் உங்களை வாய் பிளக்க வைத்த ஒரு கலைஞர், பக்கத்து ஊரிலேயே உளுந்து புடைத்துக்கொண்டிருக்கலாம். விசாரியுங்கள்.

எங்கள் கொடைக்கு மழை வந்தாலும் வரட்டும். இந்த முறை தகரப் பந்தல் போடச் சொல்லியிருக்கிறேன்.